பின்பக்க ஸ்வே பாரைப் பாதுகாப்பாக மாற்றுவது எப்படி

வளைவில் கார் ஒருபக்கமாகச் சாயும்போது இடது, வலது சக்கரங்களின் உயரம் மாறுபடும். அந்த வித்தியாசத்தைத் தன் முறுக்கால் எதிர்க்கும் எஃகுக் கம்பிதான் ஸ்வே பார். ஆன்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் பார் என்றாலும் இதுதான். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அது தன்னைப் பிடித்திருக்கும் புஷ் என்ற ரப்பர் போன்ற உறைக்குள் சும்மா சுழலும், எதையும் எதிர்க்காது. கார் சமமாக நிற்கும்போது பாரில் துளி முறுக்கும் இருக்கக் கூடாது. கழற்றும்போது கையில் அடிபடுவது, மாட்டிய பின் வரும் சத்தம், இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் வேறு மாதிரியும் கார் திரும்புவது என்று இந்த வேலையில் வரும் சிக்கல்களில் பல இதை மறப்பதால் வருபவை.

எவ்வளவு தடிமன்?

விறைப்பு, தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 16 மி.மீ. பாரையும் 18 மி.மீ. பாரையும் பக்கத்தில் வைத்தால் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் விறைப்பு சுமார் 60 சதவீதம் கூடியிருக்கும். 16-லிருந்து 20-க்குப் போனால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. குழாய் வடிவப் பார் வாங்குகிறீர்கள் என்றால் வெளி அளவை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். 24 மி.மீ. வெளி விட்டமும் 4 மி.மீ. சுவரும் உள்ள குழாய், 23 மி.மீ. கெட்டிப் பாரைவிடக் கொஞ்சம் குறைவான விறைப்பே தரும். எடைதான் நன்றாகக் குறையும்.

முனையில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும் பார்களில், கடைசித் துளை மென்மையானது. பாரின் வளைவை நோக்கி உள்ளே வர வர விறைப்பு கூடும். வளைவிலிருந்து துளை வரையுள்ள பகுதிதான் பாரின் கை; 250 மி.மீ. நீளக் கை 230 ஆனால் ஏறத்தாழ 18 சதவீதம் கூடுதல். முதல் முறை மாட்டுகிறவர்கள் கடைசித் துளையில் தொடங்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே துளைதான்.

பின்பக்க பார் பின் டயர்களுக்குப் பிடிப்பைக் கூட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. வளைவில் வெளிப்பக்கம் போகும் சுமையில் கூடுதல் பங்கை அது பின்னச்சுக்கு இழுக்கிறது. டயரின் பிடிப்பு சுமைக்குச் சமமாக ஏறாது என்பதால், பின் ஜோடியின் மொத்தப் பிடிப்பு குறைந்து முன் ஜோடிக்கு வேலை இலகுவாகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் மூக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகும் முன்சக்கர இயக்கக் காருக்கு இது நல்ல மருந்து. மருந்து மிஞ்சினால் ஈர ரோட்டில் வளைவுக்கு நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்பக்கம் சுழன்று வெளியே வரும். பின்சக்கர இயக்கக் காரில், உள்பக்கப் பின்சக்கரம் லேசாகி வெறுமனே சுழலும். பின் டயர்கள் தேய்ந்திருந்தால் முதலில் டயர் வாங்குங்கள், பார் பிறகு.

பெட்டியைத் திறந்ததும்

பார் ஒன்று, ‘டி’ வடிவ புஷ் இரண்டு, அவற்றைப் பிடிக்கும் கிளாம்ப் இரண்டு, பார் பக்கவாட்டில் நகராமல் தடுக்கும் காலர் இரண்டு, கிரீஸ் பாக்கெட், சில கிட்களில் பாரின் முனையைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடுகள். புஷ்ஷின் உள் விட்டம் பாரின் தடிமனுக்குச் சரியாக இருக்கிறதா என்று காருக்கு அடியில் படுப்பதற்கு முன்பே போட்டுப் பாருங்கள். பழைய புஷ்ஷைப் புதிய தடித்த பாரில் திணிப்பது உதவாது. பாரின் பெயின்டில் ஆழமான கீறல் இருந்தால் மாட்டும் முன் பெயின்ட் பூசி மூடுங்கள். இது பதப்படுத்திய எஃகு. கீறலில் துரு பிடித்த குழியிலிருந்துதான் விரிசல் தொடங்கும். இதே காரணத்தால் பாரைச் சூடாக்குவதும் வெல்டிங் வைப்பதும் வளைத்து ‘சரி செய்வதும்’ கூடவே கூடாது.

வேண்டிய கருவிகள்: ஜாக்கி, ஆக்ஸில் ஸ்டாண்டு இரண்டு, முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டைகள், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கும் ஸ்பேனர்), ரிங் ஸ்பேனர்கள், 5 மற்றும் 6 மி.மீ. ஆலன் கீ, வயர் பிரஷ், துரு இளக்கும் ஆயில், கண்ணைக் காக்கும் கண்ணாடி. நைலான் லாக் நட்டுகளைப் புதிதாக வாங்குங்கள். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் டார்க் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்குவது

முந்தின நாள் மாலையே நட்டு போல்ட் எல்லாவற்றிலும் துரு இளக்கும் ஆயில் அடித்து விடலாம். சைலன்சர் ஆறிய பிறகே வேலை.

கெட்டியான சமதரையில் காரை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பல கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அவற்றையே தரையிலிருந்து தூக்கப் போகிறோம் என்பதால் அதை நம்பிப் பயனில்லை. முன்சக்கர இயக்கம் என்றால் கியரில் போட்டு வைக்கலாம். பின்சக்கர இயக்கக் காரில் அதுவும் உதவாது, கட்டைதான் எல்லாம்.

பின்பக்கத்தின் இரு பக்கங்களையும் தூக்கி, தயாரிப்பாளர் குறித்த இடங்களில் ஸ்டாண்டு வைத்து, இரண்டையும் ஒரே உயரத்தில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுக்கேறி நிற்கும். அந்த நிலையில் லிங்க் நட்டைக் கழற்றினால் கடைசி மரை விடும் நேரத்தில் பார் துள்ளி விரலையோ முகத்தையோ பதம் பார்க்கும். ஸ்டாண்டில் இறக்கியதும் காரைப் பக்கவாட்டில் பலமாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால் மறுபடி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. கழற்றிய சக்கரங்களை ஓரச் சட்டத்துக்கு அடியில் படுக்கையாகப் போட்டு வைத்தால் இன்னொரு பாதுகாப்பு.

பழைய பாரைக் கழற்றுவது

முதலில் போட்டோ எடுங்கள். பார் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, எந்தக் குழாய்க்கு மேலே அல்லது கீழே போகிறது என்பது அரைமணி நேரத்தில் மறந்துவிடும்.

லிங்க் ராடின் நட்டைத் திருப்பும்போது பந்து மூட்டும் சேர்ந்து சுற்றினால், அதன் முனையிலுள்ள ஆலன் குழியில் கீ போட்டுப் பிடிக்க வேண்டும். குழியில் அடைந்திருக்கும் சேற்றை ஆணியால் சுரண்டி எடுக்காமல் கீயைப் போட்டால் குழி உருண்டுவிடும். பிறகு ஹேக்ஸா பிளேடுதான் வழி. பக்கத்தில் பெட்ரோல் டாங்கும் பிரேக் ஹோஸும் இருப்பதால் கேஸ் டார்ச்சைக் கையில் எடுக்காதீர்கள்.

இரண்டு லிங்க்குகளும் விட்ட பிறகு, பாரை ஒருவர் தாங்கிப் பிடிக்க, கிளாம்ப் போல்ட்களைக் கழற்றுங்கள். துருப்பிடித்த போல்ட் கிறீச்சிட்டால் ஒரே மூச்சில் திருகாமல் அரைச் சுற்று விட்டு, கால் சுற்று இறுக்கி, ஆயில் விட்டு, முன்னும் பின்னுமாக வர வையுங்கள். பாடிக்குள் வெல்டிங் வைத்த நட்டு பிய்ந்து சுழன்றால் அந்த நாள் முழுக்க அதிலேயே போய்விடும். பார் வெளியே வரச் சைலன்சரை இறக்க வேண்டியிருந்தால், ரப்பர் மாட்டிகளிலிருந்து விடுவித்த குழாய்க்கு அடியில் ஏதாவது தாங்கல் கொடுங்கள். தொங்க விடக் கூடாது.

புதியதை மாட்டுவது

கிளாம்ப் உட்காரும் இடங்களைப் பிரஷ்ஷால் தேய்த்து, விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள். விறைப்பான பார் இந்த இடங்களில்தான் பழையதைவிடக் கூடுதல் விசை கொடுக்கும். மெல்லிய தகட்டு பிராக்கெட் உள்ள காராக இருந்தால் வலுவூட்டும் பிராக்கெட்டையும் சேர்த்தே போடுவது நல்லது.

பாலியூரித்தேன் புஷ் என்றால் உள்ளேயும், கிளாம்ப்பைத் தொடும் வெளிப்புறத்திலும் சிலிக்கான் கிரீஸ் அல்லது கிட்டில் வந்த கிரீஸ் தாராளமாகப் பூசுங்கள். ரப்பர் புஷ்ஷில் சாதாரண பேரிங் கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பி இளகிவிடும். பாரைத் தூக்கி வைத்து, போல்ட்களைக் கையால் மரை ஏற்றி, பாரை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு கிளாம்ப்களை இறுக்குங்கள். பொதுவாக 8.8 தரத்தில் எம் 8 போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர், எம் 10-க்கு 50 என்ற அளவுகளை ஒட்டியே வரும். மேனுவல் வேறு சொன்னால் அதுதான் கணக்கு. மரையில் எண்ணெய் இருந்தால் அதே அளவுக்கு போல்ட் அதிகமாக இழுபடும், துடைத்துவிடுங்கள்.

லிங்க்கை மாட்டும் முன் பாரின் ஒரு முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் இறுக்கமாக, ஆனால் கைபலத்தில் சுழல வேண்டும். சுழல மறுத்தால் புஷ் நசுங்கியிருக்கிறது என்று பொருள்: புஷ் அளவு தவறு, அல்லது இரண்டு கிளாம்ப்களும் ஒரே கோட்டில் இல்லை. அப்படியே விட்டால் பார் நேர் ரோட்டிலும் கூடுதல் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து, ஒவ்வொரு மேட்டிலும் தூக்கிப் போடும். இந்தச் சோதனையை லிங்க் மாட்டிய பிறகு செய்ய முடியாது.

காலர்களைப் புஷ்ஷை ஒட்டி, உரசாமல் ஒரு மி.மீ. இடைவெளி விட்டு இறுக்குங்கள்.

லிங்க்குகளை இப்போது தளர்வாக மாட்டி, சக்கரங்களைப் போட்டுக் காரை இறக்குங்கள். நீளம் மாற்றக்கூடிய லிங்க் என்றால் கடைசி அளவை, கார் தன் எடையில் நிற்கும்போதே வைக்க வேண்டும். அடியில் இடம் போதவில்லையா? ஜோடியாக ரேம்ப்கள் வைத்துப் பின்சக்கரங்களை ஏற்றுங்கள். ஒரு பக்கத்தை மாட்டிய பின் மறுபக்க போல்ட் தள்ளாமல் இழுக்காமல் விரலால் உள்ளே போக வேண்டும். லிங்க்குக்கும் பாரின் கைக்கும் இடையே கோணம் 90 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். லாக் நட்டை இறுக்கும்போது இரண்டு முனை மூட்டுகளும் ஒன்றுக்கொன்று திருகிக்கொண்டு நிற்காமல் பாருங்கள். தண்டின் மரை உள்ளே குறைந்தது தண்டின் விட்டத்தைவிட ஒன்றரை மடங்கு ஆழம் இருக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள லிங்க்குகளையும் இந்த நிலையில்தான் முழுமையாக இறுக்குவது. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

பின்பக்கத்தில் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே முறுக்குச் சட்டம் (டார்ஷன் பீம்) இருக்கும் கார்களில் லிங்க்கே கிடையாது. பார் நேரடியாகச் சட்டத்தோடு போல்ட் ஆகும். துளைகள் நேர்ப்படவில்லை என்றால் கடப்பாரை கொடுக்காதீர்கள். இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இல்லை, அவ்வளவுதான். அந்தச் சட்டம் முறுகி முறுகி வேலை செய்வது என்பதால், கிட்டின் குறிப்பில் சொல்லாத இடத்தில் துளை போட்டால் அங்கேயே வெடிக்கும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும்

பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஹேண்ட் பிரேக் கேபிள், டாங்க், சைலன்சர் ஆகிய எதையும் பார் தொடக் கூடாது. சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும், ஜாக்கியால் மேலே தள்ளும்போதும் விரல் நுழையும் இடைவெளி வேண்டும். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச்சில் முடியுங்கள். வீல் அலைன்மென்ட் தேவையில்லை, சஸ்பென்ஷனின் வேறு கைகளைத் தளர்த்தாத வரை.

முதல் ஓட்டம் உலர்ந்த, ஆள் இல்லாத இடத்தில், மெதுவாக. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். இஎஸ்பி (கார் சறுக்காமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) இருந்தால் அணைக்காதீர்கள். வேகத்தடையில் சாய்வாக ஏறி, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்க விட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘டக்’ என்ற சத்தம் பெரும்பாலும் லிங்க் நட்டு தளர்ந்தது, அல்லது பார் எங்கோ இடிப்பது. இடித்த இடத்தில் பெயின்ட் பளபளப்பாகத் தேய்ந்திருக்கும். ‘கீச்’ என்றால் புஷ்ஷில் கிரீஸ் போதவில்லை. ஓரிரு வாரம் கழித்துச் சத்தம் தொடங்கினால் காலர் நகர்ந்து பார் ஒருபக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

சுமார் 100 கி.மீ. ஓடிய பின் எல்லா போல்ட்களையும் மறுபடி டார்க் பாருங்கள், 500-இல் இன்னொரு முறை. லிங்க் போல்ட் இரண்டாம் முறையும் தளர்ந்திருந்தால் மேலும் பலமாக இறுக்குவது தீர்வல்ல. நட்டு பழையதா, வாஷர் விட்டுப்போனதா, துளை பெருத்துவிட்டதா என்று பார்த்து அதைச் சரி செய்யுங்கள்.