நிறைவேற்றாளர் இல்லாத உயில்: சொத்து நிர்வாகி செய்ய வேண்டியவை

உயிலில் நிறைவேற்றாளராக (உயிலில் சொன்னபடி செய்து முடிக்க வேண்டியவராக) குறிக்கப்பட்டவர் எழுதியவருக்கு முன்பே இறந்திருந்தாலோ, எவரையும் குறிக்காமலேயே உயில் எழுதப்பட்டிருந்தாலோ, புரோபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) கேட்க முடியாது; குறிக்கப்பட்ட நிறைவேற்றாளருக்கு மட்டுமே அது வழங்கப்படும். அந்நிலையில் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இணைக்கப்பட்ட நிர்வாக உரிமைப் பத்திரம் (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரம்; அதைப் பெறுபவரே சொத்து நிர்வாகி) கோரி மாவட்ட நீதிமன்றத்திலோ, சென்னையில் உயர் நீதிமன்றத்திலோ மனுச் செய்ய வேண்டும். உயிலே இல்லாமல் இறந்தவரின் சொத்துக்கும் இப்பத்திரம் கோரலாம். ஆனால் உயிலில்லாத இந்துக் குடும்பத்தில் வாரிசுகள் அனைவரும் ஒத்துப்போனால், வாரிசுச் சான்றுடன் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்துகொள்வதே எளிது என்பதால், வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டியது இப்பத்திரம் தேவையா என்பதைத்தான்.

மனுவில் இறந்த நாளும் இடமும், உறவினர்களின் பெயரும் முகவரியும், மனுதாரர் எந்த உரிமையில் கேட்கிறார் என்பதும், கைக்கு வரக்கூடிய சொத்தின் மதிப்பும் இருக்க வேண்டும். ஒரு வாரிசின் பெயரை விட்டுவிட்டுப் பெற்ற பத்திரம் பின்னர் ரத்தாகக்கூடும். பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணனின் பெயரையும் எழுதியே ஆக வேண்டும். பத்திரம் வழங்கப்படும்போது, பிணையாளருடன் பிணைப்பத்திரமும் எழுதித் தர வேண்டும்.

அன்று முதல் சொத்து நிர்வாகியின் பொறுப்பில் வருகிறதே தவிர, அவருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. ஆகவே தனி வங்கிக் கணக்கு தொடங்கி, வசூலாகும் வாடகை, வைப்புத்தொகை, வரவேண்டிய கடன் அனைத்தையும் அதில் மட்டும் போடுவது நல்லது. சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. எனினும் சொந்தக் கணக்கில் கலந்துவிட்ட பணத்துக்கு ஓராண்டு கழித்துக் கணக்குச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது சொல்லியவர்களுக்கே தெரியும். பத்திரம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்து, கடன் ஆகியவற்றின் முழுப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவுசெலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இக்காலக்கெடுவை நீதிமன்றம் மாற்றியும் தரலாம். பட்டியலில் வேண்டுமென்றே பொய் சொல்வது குற்றம்.

கடன் அடைப்பதில் வரிசை உண்டு. ஈமச்செலவும், மருத்துவக் கட்டணம் உள்ளிட்ட கடைசிக்காலச் செலவும் முதலில். பிறகு பத்திரம் பெறுவதற்கான நீதிமன்றச் செலவு. அதன்பின், இறப்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் வேலை செய்த கூலியாள், கைவினைஞர், வீட்டுப் பணியாள் ஆகியோரின் சம்பளப் பாக்கி. சமையல்காரம்மாவின் பாக்கியைக் கைமாற்றுக் கடன் கொடுத்தவருக்கு முன்னே வைத்திருக்கிறது சட்டம், நியாயமாகவே. அடமானம் போன்ற ஈடு எதுவும் பெறாத மற்றக் கடன்காரர்களுக்குப் பணம் போதாவிட்டால், முதலில் வந்தவருக்கு முழுதும் கொடுத்துவிடாமல் விகிதப்படி பங்கிட வேண்டும். வரிசை தவறியதால் சொத்துக்கு இழப்பு ஏற்பட்டால் அதை நிர்வாகியே ஈடுகட்ட நேரிடும்.

நகையையோ வாகனத்தையோ விற்கும் அதிகாரம் நிர்வாகிக்கு உண்டு. ஆனால் வீடு, நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதியின்றி விற்றுவிட்டால், பாதிக்கப்படும் வாரிசு அவ்விற்பனையை ரத்துச் செய்யக் கோரலாம்.

கடன்கள் தீர்ந்த பின்பே உயிலின்படி பங்கீடு. ஒவ்வொருவரிடமும் பெற்றதற்கான ஒப்புகையை எழுத்தில் வாங்க வேண்டும்; மைனரின் பங்கை யாரிடம் கொடுப்பது என்று உயில் சொல்லாவிட்டால், உறவினர் எவர் கையிலும் கொடுத்துவிடாமல், பத்திரம் வழங்கிய நீதிமன்றத்தில் அந்த மைனரின் கணக்கில் செலுத்த வேண்டும்.