வண்டியை லாரியில் ஏற்றிவிட்டால்

11 வருடமாகத் தள்ளுவண்டியில் கொய்யா விற்கிறேன். இதுவரை மூன்று முறை, ஆக்கிரமிப்பு என்று தூக்க வந்த உள்ளாட்சிக்காரர்களால் என் வண்டி லாரி ஏறியிருக்கிறது. முதல் முறை கத்தினேன். இரண்டாம் முறை கும்பிட்டேன். மூன்றாம் முறைதான் லிஸ்ட் கேட்டேன்.

லாரி வந்து நின்றால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். ஏற்றுவதற்குள் போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடியுங்கள். தராசு, குடை, தார்ப்பாய் எல்லாம் தெரியட்டும். அப்புறம், “சார், எடுத்த பொருளுக்கு லிஸ்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்று கேளுங்கள். 2014-ஆம் வருடத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தில் 19-ஆம் பிரிவு இது. பிரிவு எண்ணைச் சொன்னதும் “யோவ்” என்றவர் “என்னங்க” என்றார். முதல் முறை இதெல்லாம் தெரியாது. வண்டி திரும்பி வந்தது, எலக்ட்ரானிக் தராசு வரவில்லை. அது இருந்தது என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

பொருளைத் திரும்பக் கேட்டு அன்றைக்கே உள்ளாட்சி அலுவலகத்தில் போய் நில்லுங்கள். அழுகும் சரக்கைக் கேட்ட நாளிலேயே விட்டுவிட வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். கட்டணம் உண்டு, ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். இரண்டாம் முறை அசதியில் ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் மதியம் கூடையைத் திறந்தால் மேல் வரிசை மஞ்சள் பூத்துக் கிடக்கிறது, அடியில் விரல் வைத்தால் உள்ளே போகிறது. 20 கிலோவும் மாட்டுக்கு.

அன்று சாயங்காலமே தண்டல்காரர் வந்து நின்றார். 10,000 என்று எழுதி, கையில் கொடுத்தது 8,500. தினம் 100 வீதம் 100 நாள் கட்டினேன். நீங்கள் அந்தப் பக்கம் போகுமுன் வங்கியில் பிரதமர் ஸ்வநிதி கடன் கேளுங்கள், தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசுக் கடன் அது. முதல் தவணை முன்பு 10,000, இப்போது 15,000. வியாபாரி அடையாள அட்டையைக் கேட்பார்கள். தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டிருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம், அலைய வேண்டியிருக்கும்.

இடத்தையே காலி பண்ணச் சொன்னால் 30 நாள் நோட்டீஸ் எங்கே என்று கேளுங்கள். வாய்ச்சொல் நோட்டீஸ் ஆகாது.

அட்டையின் ஒரிஜினலை வண்டியில் வைக்காதீர்கள், வண்டியோடு அதுவும் லாரி ஏறிவிடும். நகல் போதும். என்னுடையது வீட்டில் அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது.