சர்வாதிகார அரசை எதிர்க்கும் தனி மனிதரைக் கதையில் எழுதுவது எப்படி

கொடுங்கோன்மை நிலவும் கற்பனை உலகைக் காட்டும் டிஸ்டோப்பியக் கதையை எழுத முனைவோரில் பலர் கலகக்காரரை முதலில் உருவாக்கிவிட்டு, அவர் மோதுவதற்கென்று ஓர் அரசைப் பிறகு தேடுகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும். அரசை முதலில் எழுதுங்கள். அதையும் தலைவரின் படம், சீருடை, முழக்கம் ஆகியவற்றைக் கொண்டு எழுதாமல், ஒரு சாதாரண மனிதர் நாள்தோறும் கையாளும் பொருள்களைக் கொண்டு எழுதுங்கள். சர்வாதிகாரி சௌசெஸ்கு ஆண்ட ரொமேனியாவில் 1983இல் வந்த ஆணைப்படி, தட்டச்சுப் பொறி வைத்திருந்தவர்கள் அதைக் காவல் துறையில் பதிவு செய்து, அதன் எழுத்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு விதி உங்கள் கதைக்குக் கிடைத்துவிட்டால், பதிவு செய்யாமல் பரணில் கிடக்கும் ஒரு பழைய பொறியே கலகத்தின் தொடக்கமாகிவிடும்.

முதல் மீறல், சுதந்திர நாட்டில் யாரும் பொருட்படுத்தாத அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும். 1949இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலில் வின்ஸ்டன் ஸ்மித் ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறார். சட்டங்களே இல்லாத அந்நாட்டில் அது சட்டவிரோதமும் அன்று; ஆயினும் பிடிபட்டால் மரணம், அல்லது குறைந்தது 25 ஆண்டுகள் கட்டாய உழைப்பு முகாம். செயல் அவ்வளவு சிறியது, தண்டனை இவ்வளவு பெரியது என்பதே வாசகரை அச்சுறுத்துகிறது. தொடக்கத்திலேயே குண்டு வைக்கும் நாயகரால் அந்த அச்சத்தை உண்டாக்க முடியாது, ஏனெனில் குண்டு வைப்பவரை எந்த அரசும் தண்டிக்கும்.

எதிர்ப்புக்கான காரணத்தைக் கொள்கையில் தேடுவதைவிட வீட்டுக்குள் தேடுவது நல்லது. பெர்லின் நகரின் எளிய தம்பதியரான ஓட்டோ ஹாம்பெல், எலீசே ஹாம்பெல் இருவரும், 1940இல் எலீசேயின் சகோதரர் போரில் மாண்ட பிறகே நாஜி அரசுக்கு எதிராகத் திரும்பினார்கள். அஞ்சல் அட்டைகளில் ஹிட்லரைக் கண்டித்துக் கையால் எழுதி, அடுக்குமாடிக் கட்டடங்களின் படிக்கட்டுகளில் அவற்றை விட்டுவந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் இவ்வாறு எழுதிய அட்டைகள் 200க்கும் மேல். அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றைக் கண்டெடுத்தவர்களே காவல் துறையிடம் கொடுத்துவிட்டார்கள். 1942இல் கைதான இருவரும் 1943 ஏப்ரல் 8 அன்று கொல்லப்பட்டனர்.

இவ்வரலாற்றிலிருந்து கதை எழுதுவோர் கற்க வேண்டியது ஹாம்பெல் தம்பதியரின் துணிவை மட்டுமன்று, அட்டையைக் கண்டெடுத்தவரின் நிலையையும்தான். அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றால் சோதனையில் சிக்கலாம். எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டால், எடுத்ததை யாரேனும் பார்த்திருக்கலாம். காவல் நிலையத்தில் கொடுப்பது ஒன்றே பாதுகாப்பானது, அப்போதும் எழுதியவர் நீதானோ என்ற கேள்வி வரலாம். இந்தக் காட்சியைக் கண்டெடுத்தவரின் பக்கம் நின்று, அவரை இழிவுபடுத்தாமல், முழுமையாக எழுதிப் பாருங்கள். அவரைப் புரிந்துகொள்ளாமல் எழுதப்படும் கலகக்காரர் வெறும் வீர பிம்பமாகவே நின்றுவிடுவார்.

அரசின் கண் பெரும்பாலும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசியில் 1989இல் ஏறத்தாழ 91,000 முழுநேரப் பணியாளர்கள் இருந்தனர். அவர்களைத் தவிர, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரணக் குடிமக்கள் மறைமுகமாகத் தகவல் தந்துகொண்டிருந்தார்கள். ஆகவே உங்கள் கலகக்காரர் யாரிடம் மனம் திறக்கிறாரோ அவரையும் ஆபத்தில் தள்ளுகிறார். ரஷ்யக் கவிஞர் ஓசிப் மண்டல்ஸ்டாம் 1933இல் ஸ்டாலினைத் தாக்கி எழுதிய கவிதையைத் தாளில் வைத்துக்கொள்ளாமல், நெருங்கிய சிலருக்கு மட்டும் சொல்லிக் காட்டினார். 1934 மே மாதம் கைதானபோது, கேட்டவர்களின் பெயர்களை விசாரணையில் சொல்லவும் நேர்ந்தது. தனி மனிதக் கலகத்துக்கான விலையைத் தனி மனிதர் மட்டும் கொடுப்பதில்லை. இந்த உண்மையைத் தவிர்க்கும் கதை நேர்மையானதாக எனக்குப் படவில்லை.

கலகக்காரரின் மொழியிலும் கவனம் வேண்டும். அந்த அரசின் பள்ளியில் படித்து வளர்ந்தவருக்குச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசத் தெளிவான சொற்கள் எங்கிருந்து கிடைக்கும்? ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி ஸமியாத்தின் 1920–21இல் எழுதிய ‘நாங்கள்’ நாவலின் டி-503 என்னும் கணித வல்லுநர், அரசைப் புகழ்வதற்காகவே குறிப்பு எழுதத் தொடங்குகிறார். எழுத எழுதத்தான், தன் கணக்குக்குள் அடங்காத ஒன்று தனக்குள் இருப்பதை அறிகிறார். சோவியத் நாட்டில் அந்நாவல் 1988 வரை அச்சாகவில்லை. உங்கள் பாத்திரமும் அரசின் சொற்களைக் கொண்டே தன் ஐயத்தைச் சொல்லத் தடுமாறட்டும். அவர் மேடைப் பேச்சைப் போல முழங்கும் பத்தி ஏதேனும் இருந்தால், அதைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

வரைவு முடிந்ததும் ஒரு பயிற்சி செய்யுங்கள். கதை முழுவதையும் உளவுத்துறைக் குமாஸ்தா ஒருவர் எழுதிய கோப்பின் ஒரு பக்கமாக, உணர்ச்சியற்ற அலுவலக நடையில் மாற்றி எழுதுங்கள். ஹாம்பெல் தம்பதியரைப் பற்றி ஹான்ஸ் ஃபல்லாடா எழுதி 1947இல் வெளிவந்த நாவலும் அவர்களைப் பற்றி நாஜி ரகசியக் காவல் துறையான கெஸ்டப்போ வைத்திருந்த கோப்பிலிருந்தே பிறந்தது. அந்தப் பக்கத்தில் இடம்பெறாமல் போனவை எவை என்று குறித்துக்கொண்டு, திருத்தி எழுதும்போது அந்தக் காட்சிகளுக்கே கூடுதல் இடம் கொடுங்கள்.