புதுச் சிலந்தி கிடைத்துவிட்டதா? பெயர் வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்

இலைக்கு அடியில் ஒரு சிலந்தி. முதுகில் மஞ்சள் வரி, கால்களில் நீலப் பளபளப்பு. இணையத்தில் எவ்வளவு தேடியும் இதே போல ஒன்று அகப்படவில்லை. புது இனம்தான் என்று மனம் துள்ளும். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. உலகச் சிலந்திப் பட்டியலில் 2022-லேயே 50,000 இனங்கள் சேர்ந்துவிட்டன. அவற்றில் எத்தனையோ இனங்களுக்கு ஒரு வண்ணப் படம்கூடக் கிடையாது. நாம் பார்த்ததில்லை என்பது வேறு, யாரும் விவரித்ததில்லை என்பது வேறு.

நிறத்தை நம்புவது அடுத்த தவறு. ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது மாறும். ஆல்கஹாலில் போட்டு வைத்தால் நாளடைவில் பெரும்பாலும் வெளுத்தும் போகும். உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் தீர்ப்பை அதன் மேல் எழுதாதீர்கள். நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இனப்பெருக்க உறுப்புதான். ஆணுக்கு அது வாயருகே குட்டிக் கால் போல நீளும் பால்ப்பின் நுனியில் இருக்கிறது. பெண்ணுக்கு வயிற்றின் அடிப்பக்கம், எபிகைன் என்ற தகடாக. இரண்டுமே கடைசித் தோலுரிப்புக்குப் பிறகுதான் முழு உருவம் பெறும். அதனால் குஞ்சுச் சிலந்தியை வைத்துப் புது இனம் அறிவிப்பதை நான் மன்னிக்கவே மாட்டேன். பழைய நூல்களில் அப்படி வைத்த பெயர்கள் எந்த இனத்தைக் குறிக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாமல் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

படம் வரைவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பால்ப்பை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பாருங்கள்: மயிரிழை சாய்ந்தாலும் கொக்கி போலத் தெரிந்த முள் தட்டையாகிவிடும். பழைய படம் ஒரு கோணத்தில், உங்கள் படம் வேறு கோணத்தில் என்றால், இல்லாத வித்தியாசம் இருப்பதாகத் தோன்றும். சின்னக் கிண்ணத்தில் நுண்மணலைப் பரப்பி, அதில் பால்ப்பை அசையாமல் ஊன்றி வைத்தால் கோணம் கைக்குள் நிற்கும். வழக்கப்படி இடது பால்ப்பை வரையுங்கள், அளவுகோட்டை மறக்காதீர்கள். பெண்ணுக்கு வெளித்தகட்டோடு நிறுத்துவது பாதி வேலை. அதைப் பிரித்தெடுத்து, சதையைக் கரைத்து, உள்ளே சுருண்டு ஓடும் குழாய்களையும் காட்ட வேண்டும்.

ஒரே புதரில் கிடைத்தன என்பதற்காக ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஜோடி சேர்த்துவிடாதீர்கள். பல சிலந்திகளில் ஆண் பொடியாக, பெண்ணோடு சம்பந்தமே இல்லாத தோற்றத்தில் இருக்கும். இணை சேர்வதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது ஒரே முட்டைப் பையிலிருந்து வளர்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் டிஎன்ஏ பொருந்த வேண்டும். எதுவும் இல்லையா? சரி, ஆண், பெண் இரண்டில் கையில் உள்ளதை மட்டும் விவரியுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

இடக்குறிப்பில் வரும் பிழைக்கு நல்ல உதாரணம் போசிலோதீரியா மெட்டாலிகா என்ற நீலச் சிலந்தி. 1899-இல் போகாக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் விவரித்த அந்த மாதிரி, ஆந்திராவின் கூட்டி ரயில் நிலைய மரக்கிடங்கில் கிடைத்தது. மரத்தோடு ரயிலில் வந்திருக்கும் என்பதே பின்னால் வந்த ஊகம்; 2001-இல் அது மறுபடி கண்ணில் பட்டது சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, நந்தியால்–கித்தலூர் பக்கத்துக் காட்டில். எனவே ‘எங்கே கிடைத்தது’ என்பதோடு ‘எதன் மேல், எப்படி’ என்பதையும் எழுதுங்கள். இதையெல்லாம் ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி, சிலந்தி இருக்கும் குப்பிக்குள் போடுங்கள். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்து, வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். ஆனால் வளர்ப்புச் சந்தையில் விலைபோகும் சிலந்தி என்றால் துல்லியமான இடத்தை ஊரறிய அச்சிடாதீர்கள். பிடித்துப்போக ஆள் வந்துவிடும்.

பத்து பக்கம் மயிரும் முள்ளும் எண்ணி எழுதிவிட்டு, எந்த உறவினத்திலிருந்து எதில் வேறுபடுகிறது என்ற பத்தியை ஒப்புக்கு முடிப்பவர்கள் உண்டு. படிப்பவர் முதலில் தேடுவது அந்தப் பத்தியைத்தான். அதை எழுத வேண்டுமென்றால் 1757-இல் ஸ்வீடனின் கிளெர்க் எழுதிய சிலந்தி நூலில் தொடங்கி இன்றுவரை வந்த சிலந்திப் பெயர்கள் எல்லாம் கணக்கில் உண்டு. படமே இல்லாமல் லத்தீனில் நாலு வரி மட்டும் உள்ள பெயர் குறுக்கே வந்தால், அருங்காட்சியகத்தில் இருக்கும் மூல மாதிரியை, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான சிலந்தியையே, பார்க்காமல் தப்ப முடியாது.

பெயருக்கு வருவோம். இனப்பெயரில் முதல் சொல் பேரினம், இரண்டாவது அடைமொழி. பேரினப் பெயரின் இலக்கணப் பாலுக்கு ஏற்ப அடைமொழி மாற வேண்டும்: ஆர்ஜியோபே என்ற பேரினம் பெண்பால், ஆகவே ‘புல்கெல்லா’ சரி, ‘புல்கெல்லஸ்’ தவறு. அந்தப் பேரினத்தில் அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பாருங்கள். சொந்தப் பெயரையே வைத்துக்கொள்ள விலங்குப் பெயரிடல் விதியில் தடையில்லை, ஆனால் துறையில் சிரிப்பார்கள். 1999-க்குப் பிறகு வரும் பெயர் என்றால் எது மூல மாதிரி, எந்தச் சேகரத்தில் இருக்கிறது என்பதைக் கட்டுரை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பெயரே செல்லாது. மின்வடிவில் மட்டும் வரும் இதழ் என்றால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஸூபேங்க்கில் முன்கூட்டியே பதிந்து, அந்தப் பதிவைக் கட்டுரையிலேயே காட்ட வேண்டும். அப்புறம், கட்டுரை வெளிவரும் வரை செய்தியாளரிடம் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.