பழைய வீட்டுக் கணினிக்கு வைரஸ் கார்டைத் தெரிவு செய்வதும் மாற்றுவதும்

மலையகத்தில் பல வீடுகளில் உள்ள கணினி புதிதாக வாங்கப்பட்டதல்ல. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை தனக்கு வேறொன்றை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கொண்டுவந்து வைத்ததாகவோ, ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பாவித்த நிலையில் வாங்கியதாகவோ அது இருக்கும். 4 ஜிபி நினைவகமும் சுழலும் வன்தட்டும் கொண்ட அந்தக் கணினியில்தான் பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் வங்கிக் கணக்கு அலுவல்களும் சேர்ந்து கிடக்கின்றன. ஆகவே அதற்கு வைரஸ் கார்ட், அதாவது வைரஸ்களிலிருந்து கணினியைக் காக்கும் மென்பொருள், தெரிவு செய்யும்போது பெட்டியில் அச்சிட்ட பெயரைப் பார்க்கும் முன், அதில் இயங்கும் வின்டோஸ் எது, அந்தக் கணினி எவ்வளவு சுமையைத் தாங்கும் என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

வின்டோஸ் விசையையும் ஆர் விசையையும் ஒன்றாக அழுத்தினால் தோன்றும் சிறு பெட்டியில் வின்வெர் என்று ஆங்கில எழுத்துகளில் தட்டச்சுச் செய்தால் பதிப்பு தெரியும். வின்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. வின்டோஸ் 11 க்கு மாறுவதற்கு டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு போன்ற தகைமைகள் தேவைப்படுவதால் பழைய கணினிகள் பெரும்பாலும் தகுதி பெறுவதில்லை. ஆனால் 22எச்2 பதிப்பில் உள்ள வீட்டுப் பாவனையாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறலாம் என்று மைக்ரோசொப்ட் அறிவித்தது. வின்டோஸுடன் கூடவே வரும் டிஃபென்டர் வைரஸ் கார்டுக்கான புதுப்பிப்புகள் 2028 ஒக்டோபர் வரை தொடரும் என்றும் அது கூறியுள்ளது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. முதலாவது வின்டோஸில் உள்ள ஓட்டைகளை அடைக்கிறது. இரண்டாவது அறியப்பட்ட தீங்குநிரல்களின் அடையாளங்களைப் புதுப்பிக்கிறது. ஓட்டை திறந்தே கிடக்கும்போது எந்த வைரஸ் கார்டும் அதை முழுமையாக ஈடுசெய்யாது.

வின்டோஸ் 7 க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 இலும், 8.1 க்கான ஆதரவு 2023 ஜனவரி 10 இலும் நின்றுபோயின. அதிலும் வின்டோஸ் 7 இல் டிஃபென்டர் என்ற பெயரில் இருப்பது உளவு நிரல்களை மட்டும் தேடும் கருவியே அன்றி முழு வைரஸ் கார்ட் அல்ல. அத்தகைய கணினியில் வங்கி அலுவல் பார்ப்பதை உடனே நிறுத்துங்கள். 64 பிட் கணினியானால் வின்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டின், சுமை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு மாறுவது, இன்னொரு வைரஸ் கார்டுக்குப் பணம் செலவிடுவதை விடப் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

இனி சுமை. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினியை இயக்கிச் சற்று நேரம் எதையும் தொடாமல் விட்டபின் அதில் நினைவகம் (மெமரி), டிஸ்க் என்ற தலைப்புகளின் கீழ் உள்ள இரு நிரல்களை, அதாவது செங்குத்து வரிசைகளைக் கவனியுங்கள். டிஸ்க் நிரல் 100 சதவீதத்திலேயே நின்றால், அதன் தலைப்பைச் சொடுக்கி, எந்தச் செயலி மேலே வருகிறது என்று பாருங்கள். அன்டிமல்வெயார் சேர்விஸ் எக்ஸிகியூட்டபிள் என்று வந்தால் அது டிஃபென்டர்; வேறு நிறுவனத்தின் பெயர் வந்தால் அது நீங்களோ கடைக்காரரோ நிறுவிய வைரஸ் கார்ட். இரண்டும் ஒரே நேரத்தில் மேலே நின்றால், அல்லது இரண்டு நிறுவனங்களின் பெயர்கள் காணப்பட்டால், கணினி மெதுவாக இயங்குவதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. ஒரு கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வைரஸ் கார்ட் அதை இடைமறித்துப் படிக்கிறது. இரண்டு இருந்தால் ஒரே கோப்பு இருமுறை படிக்கப்படுவதுடன், ஒன்றின் அடையாளக் கோப்புகளை மற்றது தீங்குநிரலாகக் கருதி முடக்கவும் கூடும். உடனடிக் காவல் தரும் வைரஸ் கார்ட் ஒன்றே போதும், ஒன்றே இருக்க வேண்டும்.

எதைத் தெரிவு செய்வது? வின்டோஸ் 10 இல் ஒழுங்காகப் புதுப்பிக்கப்படும் டிஃபென்டர் பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது. பணமும் தேவையில்லை, வாங்கச் சொல்லித் தொல்லை தரும் அறிவித்தல்களும் இல்லை. சந்தேகம் வரும்போது மட்டும் இயக்கிப் பார்க்க மைக்ரோசொப்டின் சேஃப்டி ஸ்கேனரையோ மல்வெயார்பைட்ஸின் இலவசப் பதிப்பையோ துணைக்கு வைத்துக்கொள்ளலாம். முன்னையது தரவிறக்கி 10 நாட்களில் காலாவதியாகும் என்பதால் தேவைப்படும்போது புதிதாகவே எடுக்க வேண்டும். டிஃபென்டர் உங்கள் கணினிக்கு உண்மையிலேயே பாரமாக இருந்தால், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஒஸ்திரியாவின் ஏவி-கொம்பரேட்டிவ்ஸ் ஆகிய சோதனைக்கூடங்கள் வெளியிடும் முடிவுகளில் வேகம் பற்றிய பகுதியைப் படியுங்கள். பிடிக்கும் திறனில் முன்னணி மென்பொருள்களிடையே உள்ள வேறுபாடு சிறிது. பழைய கணினிக்கு வேகத்தில் உள்ள வேறுபாடே பெரிது. இலவசம் என்பதற்காக மட்டும் எதையும் நிறுவ வேண்டாம். பாவனையாளரின் இணைய உலாவல் தரவுகளை விற்றதற்காக அவாஸ்ட் நிறுவனம் 1 கோடியே 65 இலட்சம் டொலர் செலுத்த வேண்டும் என 2024 இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு அறிவித்தது. அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நோர்டன் ஆகிய நான்கும் இன்று ஒரே குழுமத்துக்குச் சொந்தமானவை என்பதால், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது பெரிய மாற்றமாகாது. கட்டாரிலோ துபாயிலோ உள்ள உறவினர் வாங்கி அனுப்பும் வைரஸ் கார்டின் உரிமக் கீ, அது விற்கப்பட்ட பிராந்தியத்துக்கு வெளியே செயற்படாமல் போகலாம் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடையில் போர்மட் செய்து எடுத்த கணினியானால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்; இதைப் பலர் பார்ப்பதே இல்லை. உரிமமில்லாத வின்டோஸை இயங்கச் செய்வதற்கான கருவியை வைரஸ் கார்ட் பிடித்துவிடும் என்பதால், டிஃபென்டரை அணைத்துவிட்டோ, அந்தக் கருவி உள்ள கோப்புறையை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டோ கணினியைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. வின்டோஸ் செக்கியூரிட்டியைத் திறந்து, வைரஸ் அன்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ் என்று சென்று, கீழே எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைப் பாருங்கள். சீ டிரைவ் முழுவதும் அங்கே சேர்க்கப்பட்டிருந்தால் அந்தக் கணினிக்குக் காவல் இல்லை என்றே பொருள். வீட்டுக் கணினியில், உங்கள் நிறுவனம் இந்த அமைப்பை நிர்வகிக்கிறது என்ற பொருளில் செய்தி வந்தாலும் யாரோ அல்லது ஏதோ ஒரு நிரல் அந்த அமைப்பை மாற்றியிருக்கக்கூடும் என்று சந்தேகிக்க வேண்டும். அத்தகைய கணினியில் வைரஸ் கார்டை மாற்றுவதை விட வின்டோஸை முறைப்படி மீண்டும் நிறுவுவதே சரி.

மாற்றத் தீர்மானித்தால் நாளையும் நேரத்தையும் தெரிந்தெடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமின்னலும் மின்வெட்டும் வழக்கமாதலால் காலை வேளையே நல்லது. பாதியில் மின் நின்றால் நீக்கம் அரைகுறையாகிவிடும். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளி வன்தட்டில் கொப்பி செய்யுங்கள். பழைய வைரஸ் கார்ட் சந்தேகத்துக்குரிய கோப்புகளை ஒதுக்கி வைக்கும் தனிமைப் பகுதியில் (குவாரன்டைன்) உங்களுக்குரிய கோப்பு ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் நீக்கும்போது அதுவும் அழியலாம். கடவுச்சொற்களை அதில் சேமித்திருந்தால் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி அட்டையில் தானாகப் புதுப்பிக்கும் சந்தா இருந்தால் அதை நிறுத்துங்கள். மென்பொருளை நீக்குவதால் சந்தா நிற்காது.

பின்பு புதிய வைரஸ் கார்டின் நிறுவல் கோப்பையும், பழையதன் நிறுவனம் தரும் நீக்கற் கருவியையும் அவரவர் தளத்திலிருந்தே தரவிறக்கிக்கொள்ளுங்கள். முழு நிறுவல் கோப்பைத் தெரிவு செய்வது முக்கியம். சிறிய கோப்பை எடுத்தால், கணினி காவலின்றி இருக்கும் வேளையில் மிச்சத்தை இணையத்திலிருந்து இறக்க வேண்டி வரும். ரவுட்டரை அணைத்து, பழையதை அகற்றி, மறுதொடக்கம் செய்து, நீக்கற் கருவியை இயக்குங்கள். சில கருவிகள், அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோட் என்ற நிலையில்தான் முழுமையாக வேலை செய்யும். மீண்டும் மறுதொடக்கம் செய்தபின் புதியதை நிறுவி, இணையத்தை இணைத்து, புதுப்பித்து, முழுச் சோதனையை இரவில் ஓடவிடுங்கள். டிஃபென்டருக்கே திரும்புவதானால் நிறுவ எதுவும் இல்லை. மற்றது முழுமையாக நீங்கியதும் அது தானே விழித்துக்கொள்ளும். விழிக்கவில்லையானால் பழையதன் எச்சம் இன்னும் இருக்கிறது.

புதுப்பிப்பு மட்டும் திரும்பத் திரும்பத் தோற்றால் திகதியைப் பாருங்கள். தாய்ப்பலகையிலுள்ள சீஆர்2032 பொத்தான் மின்கலம் தீர்ந்த கணினியில், மின்னிணைப்பை அகற்றும் ஒவ்வொரு முறையும் ஆண்டு பின்னோக்கிப் போய்விடும். பாதுகாப்பான இணையத் தொடர்புகள் அந்தத் திகதியை ஏற்பதில்லை. குறைந்த விலையில் கிடைக்கும் அந்த மின்கலத்தை மாற்றினால் போதும்.

காவல் இயங்குகிறதா என்று அறிய, ஐகார் எனப்படும் 68 எழுத்துக் குறிகள் கொண்ட தீங்கற்ற சோதனைக் கோப்பை அதற்குரிய தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். வைரஸ் கார்ட் உடனே அதைப் பிடிக்க வேண்டும். அடுத்து, கொமியூனிகேஷன் கடையில் அச்செடுக்கக் கொண்டுபோய் வந்த பென் டிரைவைச் செருகி, திறக்கும் முன்னர் வலது சொடுக்கில் சோதிக்கச் சொல்லுங்கள். கோப்புறைகளுக்குப் பதிலாக ஷோர்ட்கட்டுகள் மட்டும் தெரிந்தால் அவற்றைச் சொடுக்க வேண்டாம். உண்மையான கோப்புகள் பெரும்பாலும் அதே டிரைவில் மறைக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். சில நாட்கள் கழித்து டாஸ்க் மேனேஜரை மறுபடியும் திறந்து, டிஸ்க் நிரல் இன்னும் 100 இலேயே நின்றால், வேறொரு வைரஸ் கார்டைத் தேடாமல், சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக, சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைப் போட எவ்வளவு ஆகும் என்று கடையில் விசாரியுங்கள்.