நிற்கும் பாடசாலை பஸ்: ஒன்ராறியோவில் புதிய சாரதிகள் விடும் பிழைகள்

மஞ்சள் பஸ்ஸில் சிவப்பு விளக்கு மினுங்கினால் நிற்கவேண்டும் என்பது ஜி1 (முதற்கட்ட லைசன்ஸ்) சோதனை எழுதிய எவருக்கும் தெரியும். பஸ்ஸுக்குப் பின்னால் வருபவர் அநேகமாக நின்றுவிடுகிறார். மாட்டுப்படுவது எதிரே வருபவர்தான்.

நடுக்கோட்டை நம்புவது

நாலு லேன் வீதி. எதிர்ப்பக்க ஓரத்தில் பஸ் நிற்கிறது. "அது அந்தப் பக்கத்து ஆக்களுக்கு" என்று போய்விடுகிறார்கள். ஒவ்வொரு செப்டெம்பரும் இதையே புதிதாகப் பார்ப்பதுதான் எரிச்சல்.

எதிரே வருபவருக்குச் சட்டம் விலக்குக் கொடுப்பது மீடியன் உள்ள வீதியில் மட்டும். மீடியன் என்றால் இரு திசைகளையும் பிரிக்கக் கட்டியது: உயர்த்திய கொங்கிரீட், புல்தரை போன்றவை. பெயின்ற் கோடு கணக்கில் வராது, இரட்டை மஞ்சள் கோடாக இருந்தாலும். ஸ்காபரோவின் அகல வீதிகளில் நடுவே இடப்பக்கம் திரும்ப விட்டிருக்கும் லேனும் மீடியன் அல்ல. அங்கே ஐந்து லேனும் நிற்கவேண்டும், உங்கள் பக்கத்துக் கடைசி வலது லேன் உட்பட. பிள்ளை பஸ்ஸின் முன்னால் வந்து முழு வீதியையும் கடக்கும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

இதைவிட மோசமானது இன்னொன்று. இடது லேனில் ஒரு வான் சரியாக நின்றிருக்கும். பின்னால் வருபவர், வான் திரும்பப்போகிறது என்று நினைத்து வலது லேனால் முந்துவார். கடக்கும் பிள்ளையை மறைத்துக்கொண்டு நிற்பதே அந்த வான்தான். கொங்கிரீட்டோ புல்லோ கண்ணில் படாவிட்டால் நில்லுங்கள்.

முதல் தடவை 400 முதல் 2,000 டொலர் தண்டம், 6 டிமெரிட் புள்ளி (லைசன்ஸில் ஏறும் குற்றப் புள்ளி). ஐந்து வருடத்துக்குள் மறுபடியும் என்றால் 1,000 முதல் 4,000 டொலர், இன்னும் 6 புள்ளி, ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். பலர் கவனிக்காதது: 4 புள்ளியோ அதற்கு மேலோ உள்ள குற்றம் தீர்ப்பானால் ஜி2காரருக்கு (புதிய சாரதிக்கான இரண்டாம் கட்ட லைசன்ஸ் உள்ளவருக்கு) லைசன்ஸ் 30 நாள் நிறுத்தம். அதற்குப் பிறகு காப்புறுதிக்காரர் கேட்கும் தொகையைப் பார்க்கவே மனம் வராது.

பிள்ளை கடந்ததும் எடுப்பது

இன்னொரு பிள்ளை ஓடிவரலாம். சிவப்பு விளக்கு அணையவேண்டும், அல்லது பஸ் நகரவேண்டும். அதுவரை பிரேக்கில் காலை வைத்திருங்கள்.

ஒட்டி நிற்பது

பஸ்ஸுக்குப் பின்னால் வந்தால் குறைந்தது 20 மீற்றர், ஏறக்குறைய நாலு கார் நீளம், தள்ளி நில்லுங்கள்.

அம்பரில் வேகம் கூட்டுவது

2022 ஜூலை முதல் பஸ்கள் சிவப்புக்கு முன் அம்பர் (செம்மஞ்சள்) விளக்கை மினுக்கவேண்டும். வேகத்தைக் குறைத்து நிற்கத் தயாராவதற்கான விளக்கு அது.

காரை இரவல் கொடுப்பது

மருமகன் ஓடினாலும், பஸ் கமரா பிடிப்பது உங்கள் நம்பர் பிளேற்றை. கார்ச் சொந்தக்காரருக்குப் புள்ளி வராது, தண்டம் வரும்.

தண்டவாளத்தில் ஹோர்ண் அடிப்பது

ரயில் தண்டவாளத்தைக் கடக்கமுன் பஸ் நிற்பது சட்டப்படி. பொறுங்கள்.