மழைநீர்த் தொட்டியின் வாடை நீங்கிய விதம்

மொட்டை மாடியிலிருந்து தொட்டிக்கு இறக்கிய மழைநீரில் மூன்றாம் மாதமே அழுகிய முட்டை வாடை வரத் தொடங்கியபோது, குளோரின் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நம்பினேன். சில நாள்களிலேயே வாடை திரும்பிவிட்டது. நீரை இறைத்துவிட்டு, தொட்டியின் வாய்ப்பக்கம் இருந்தபடியே டார்ச் அடித்துப் பார்த்தபோது, அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கரிய வண்டலும் அதில் பாதி மக்கிய இலைக்காம்புகளும் கிடந்தன. காற்றுப் படாமல் அவை அழுகியதே காரணம்.

கழுவியதோடு நிற்காமல், முதல் மழையைப் பிடித்து ஒதுக்க மூடிய டிரம் ஒன்றைக் குழாயில் இணைத்தேன். ஒரு சதுர மீட்டரில் பெய்யும் 1 மில்லிமீட்டர் மழை 1 லிட்டர் என்பதால், என் 60 சதுர மீட்டர் மாடியைக் கழுவிவரும் முதல் 60 லிட்டர் அதில் நிறைந்த பிறகே மீதி நீர் தொட்டிக்குச் செல்கிறது. டிரம்மின் அடியிலுள்ள சிறு துளை வழியே அழுக்கு நீர் சொட்டிச் சொட்டித் தானாக வடிந்துவிடும். (அத்துளை அடிக்கடி அடைத்துக்கொள்வது தனித் தொல்லை.)

இதைவிடவும் பலன் தந்தது, தொட்டிக்குள் இறங்கும் குழாயின் நுனியை இரண்டு எல்போக்களால் மேல்நோக்கி வளைத்ததுதான். நீர் அடித்தரையில் நேராக மோதாததால், கனமழையிலும் வண்டல் கலங்குவதில்லை. குடிப்பதற்கு மட்டும் இன்றும் கொதிக்கவைத்தே எடுக்கிறோம்.